நீளமான ஆங்கிலச் சொல்லை வாலில் பிடியுங்கள்

பாளையங்கோட்டையில் சில கல்லூரிப் பெயர்ப்பலகைகளில் அடைப்புக்குறிக்குள் ‘ஆட்டோனமஸ்’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் அதை ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோவைச் சொல்வதுபோலவே தொடங்குகிறோம். முதலெழுத்தில் அழுத்தி, ‘டோ’வை நீட்டி, ‘னமஸ்’ வரைக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் சமமான நேரம் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் கனம், அதாவது அழுத்தம், இரண்டாம் சிலபிளில் (ஓர் உயிரொலியைச் சுற்றி நிற்கும் ஒலித்துண்டில்) இருக்கிறது: ஆ-ˈடொ-ன-மஸ். பின்னால் வரும் இரண்டும் சுருங்கி ஓடிவிடும். ஒலி ஒன்றிரண்டு பிசகினாலும் கேட்பவர் சமாளித்துக்கொள்வார். கனம் இடம் மாறினால்தான் “என்ன சொன்னீங்க?” என்று திரும்பக் கேட்பார்.

பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் இடங்களில் எஃப், வி, இசட் ஒலிகளுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அழுத்தத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளைக்காரரைப் போலப் பேச வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நம் உச்சரிப்பு நம் உச்சரிப்பாகவே இருக்கட்டும். ஆனால் ஆங்கிலத்தைக் கேட்கும் காது, நீளமான ஒரு சொல்லை அதன் அழுத்தமான சிலபிளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதும் நர்ஸிங் மாணவிகளுக்கு இது இன்னும் முக்கியம். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் மதிப்பெண் போடும் நான்கு அளவுகோல்களில் உச்சரிப்பும் ஒன்று. சொல்லழுத்தம் அதற்குள்தான் வருகிறது.

எழுதும் முறையைப் பற்றி ஒரு குறிப்பு. சிலபிள்களைச் சிறு கோட்டால் பிரிக்கிறேன். அகராதிகளில் இருப்பதுபோல அழுத்தமான சிலபிளுக்கு முன்னால் ˈ என்ற குறி போடுகிறேன். தமிழ் எழுத்தில் எல்லா ஆங்கில ஒலிகளையும் காட்ட முடியாது. ஆகவே இங்கே பிரிப்பையும் அழுத்தத்தையும் மட்டும் பாருங்கள், ஒலியை அகராதி செயலியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை

சிலபிளை எழுத்தைப் பார்த்து எண்ணக் கூடாது, உயிரொலியைக் கேட்டு எண்ண வேண்டும். ஓர் உயிரொலிக்கு ஒரு சிலபிள். யாப்பில் படித்த அசையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘மலர்’ நிரையசை, யாப்புக் கணக்கில் ஓரசை. ஆனால் அதில் உயிரொலி இரண்டு, ஆகவே சிலபிளும் இரண்டு.

நம் எண்ணிக்கை தவறுவதற்குக் காரணம் நம் நாக்கின் பழக்கம். தமிழில் சொல் முதலில் மெய்யெழுத்து வராது, கடைசியில் வல்லின மெய் நிற்காது. அதனால் ‘ஸ்கூல்’ நம் வாயில் ‘இஸ்கூல்’ ஆகிறது, ‘ரோட்’ என்பது ‘ரோடு’ ஆகிறது, ‘காலேஜ்’ என்பது ‘காலேஜு’ ஆகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சிலபிள் கூடிவிட்டது. இடையிலும் அப்படித்தான்: ஒரே சிலபிளான ‘ஃபில்ம்’ நமக்கு ‘ஃபிலிம்’, இரண்டே சிலபிளான ‘இங்-க்லிஷ்’ நமக்கு ‘இங்கிலீஷ்’. நீளமான சொல்லில் இப்படி ஒரு சிலபிள் கூடினால், பின்னாலிருந்து எண்ணி அழுத்தம் போடும் கணக்கு முழுவதும் ஒரு படி தள்ளிப்போய்விடும். எனவே முதல் பயிற்சி, இந்த ஒட்டுயிர்களைக் கழிப்பதுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எழுத்தில் இருப்பதால் உச்சரிக்கிறோம், ஆங்கிலத்தில் அது காணாமல் போயிருக்கும். ‘வெ-ஜி-ட-பிள்’ என்று நான்காகச் சொல்கிறோம். அது ˈவெஜ்-ட-பிள், மூன்று. ‘கம்ஃபர்டபிள்’ என்பது ˈகம்ஃப்-ட-பிள், மூன்று. ‘டெம்பரேச்சர்’ இயல்பான பேச்சில் ˈடெம்-ப்ர-ச்சர், அதுவும் மூன்று. கடைசியில் நிற்கும் ‘பிள்’ ஒலியில் உயிரொலியே இல்லை. ‘ல்’ என்ற மெய்யே அங்கே உயிரின் வேலையைச் செய்கிறது. அதனால் ‘டேபிள்’ இரண்டு சிலபிள்.

வினைச்சொல்லின் இறந்தகாலத்தில் வரும் ‘இ-டி’ பலரைத் தடுமாற வைக்கிறது. வினைச்சொல் ‘ட்’ ஒலியிலோ, ‘ரோட்’ என்பதன் கடைசியில் கேட்கும் அதன் மெல்லிய இணையிலோ முடிந்தால் மட்டும் அது தனிச் சிலபிள். ‘வான்ட்’ இறந்தகாலத்தில் இரண்டு சிலபிள் ஆகும். ‘வாக்’, ‘ஆஸ்க்’, ‘டெவலப்’ போன்றவற்றில் எதுவும் கூடாது.

பிரிப்பைப் பற்றி ஒன்று. அகராதியில் தலைச்சொல்லுக்கு நடுவே போடப்பட்டிருக்கும் புள்ளிகள், அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதைக் காட்டுபவை. அவை எழுத்தின் பிரிப்பு, ஒலிப் பிரிப்பு பக்கத்தில் உச்சரிப்புக் குறியீட்டில் இருக்கும். ஒலியைப் பிரிக்க எளிய வழி: இரண்டு உயிருக்கு நடுவே நிற்கும் மெய்களில், ஆங்கிலச் சொல் ஒன்று தொடங்கக்கூடிய அளவு கூட்டத்தைப் பின் சிலபிளுக்குக் கொடுங்கள், மீதியை முன்னால் விடுங்கள். ‘எக்ஸ்ட்ரா’வில் ‘ஸ்ட்ர’ என்று சொல் தொடங்கும், ‘க்ஸ்ட்ர’ என்று தொடங்காது. ஆகவே எக்-ஸ்ட்ர.

ஏன் இடம் மாறுகிறது

‘ஹோட்டல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது ஹோ-ˈடெல். நாம் முதலில் அழுத்துகிறோம், இரண்டாவதை ‘டல்’ என்று குறுக்குகிறோம். இதற்குப் பின்னால் நம் எழுத்தும் இருக்கிறது. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை ‘ட’ வந்தால் மெலிந்து ஒலிக்கும். ஆங்கில ஒலியின் வன்மையைக் காட்ட ‘ட்ட’ என்று இரட்டிக்கிறோம். இரட்டித்ததும் முன் சிலபிள் ஒற்றோடு கனத்துவிடுகிறது, குரல் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘கமிட்டி’, ‘யுனிவர்சிட்டி’, ‘முனிசிபாலிட்டி’ எல்லாவற்றிலும் ‘ட்டி’ கனப்பது இதனால்தான். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து எழுதினாலும் ஒலி ஒற்றைதான்: க-ˈமி-டி.

இன்னொரு பழக்கம், எல்லாச் சிலபிளுக்கும் முழு உயிர் கொடுப்பது. நமக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அழுத்தம் இல்லை என்பதற்காக ‘ஆ’ ‘அ’ ஆகாது. ஆங்கிலத்தில் ஆகும். அழுத்தம் இல்லாத சிலபிளில் எந்த உயிரெழுத்து எழுதியிருந்தாலும், பெரும்பாலும் அது ஒரு மங்கிய சிறு ‘அ’வாகவோ சிறு ‘இ’யாகவோ கரைந்துவிடும். இது நமக்கு அடியோடு புதிதும் அல்ல. ‘நாடு’, ‘பாக்கு’ என்று சொல்லும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைந்து, இதழ் குவியாமல் ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரத்தின் அளவுதான் இந்த மங்கிய உயிருக்கும். நாம் சொல்லின் இறுதியில் செய்வதை ஆங்கிலம் சொல்லின் எல்லா இடத்திலும் செய்கிறது.

ஆங்கிலேயர் நம் ஊர்ப் பெயர்களை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஐந்து சிலபிள் கொண்ட திருநெல்வேலி ‘டின்னவெலி’ என்று நான்காயிற்று. பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’ ஆயிற்று, நடுவில் ஒரு சிலபிள் போயே போயிற்று. ஏழு சிலபிள் திருவனந்தபுரம் மூன்றே சிலபிளில் ‘ட்ரிவாண்ட்ரம்’.

வால் சொல்லும் இடம்

நீளமான சொல்லைப் பார்த்தால் தலையிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். கடைசிப் பகுதியை, அதாவது விகுதியைப் பாருங்கள். பெரும்பாலான நீளச் சொற்களில் அழுத்தம் எங்கே என்பதை விகுதியே சொல்லிவிடும்.

‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் சிலபிளில் அழுத்தம். எழுத்து ‘டி-ஐ-ஓ-என்’ ஆனாலும், ‘எஸ்-ஐ-ஓ-என்’ ஆனாலும், ‘சி-ஐ-ஏ-என்’ ஆனாலும் அதே விதி: எ-ஜு-ˈகே-ஷன், கார்-ப-ˈரே-ஷன், இ-லெக்-ˈட்ரி-ஷன். தமிழ்நாட்டுப் பள்ளிப் பலகைகளில் இருக்கும் ‘மெட்ரிகுலேஷன்’ கூட ம-ட்ரி-க்யு-ˈலே-ஷன்தான். பேச்சில் ‘மெட்ரிக்’ என்று சுருக்கிச் சொல்லும் பழக்கத்தால் முதல் சிலபிள் முழுச்சொல்லிலும் கனத்துப்போகிறது, அதைக் குறைக்க வேண்டும். ‘டெலிவிஷன்’ இந்த விதிக்கு அடங்காதது. அதற்கு முதல் சிலபிளில் அழுத்தம்.

‘இக்’, ‘இக்கல்’ என்று முடிந்தால் ‘இக்’குக்கு முன்னால்: பா-லி-ˈடெக்-னிக், எ-க-ˈனொ-மிக், இ-ˈலெக்-ட்ரி-கல். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் எஞ்சின்களின் பெயரான ‘கிரையோஜெனிக்’, க்ரை-அ-ˈஜெ-னிக். பாபநாசம் மின்நிலையத்தைக் குறிக்கும் ‘ஹைட்ரோஎலெக்ட்ரிக்’, ஹை-ட்ரோ-இ-ˈலெக்-ட்ரிக். இந்த விதிக்கு அடங்காத சிலவற்றை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: ˈகாத்-லிக், ˈபொ-லி-டிக்ஸ், ˈஅ-ர-பிக். கணக்கைக் குறிக்கும் ‘அரித்மெடிக்’ பெயர்ச்சொல்லாக வரும்போது அ-ˈரித்-ம-டிக். அதே சொல் ‘அரித்மெடிக் மீன்’ என்பதில் அடைமொழியாக வந்தால் விதிக்குத் திரும்பிவிடும்: அ-ரித்-ˈமெ-டிக்.

‘இட்டி’ என்று நாம் எழுதும் வால் வந்தால், அதற்கு முன் சிலபிளில், அதாவது கடைசியிலிருந்து மூன்றாவதில். யூ-னி-ˈவர்-சி-டி, இ-லெக்-ˈட்ரி-சி-டி, பை-ஓ-டை-ˈவர்-சி-டி, கூடங்குளத்தால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் பழக்கமான ரே-டி-ஓ-ஆக்-ˈடி-வி-டி. இதைப்போல நம்பகமான விதி வேறு இல்லை. ‘முனிசிபல்’ ம்யூ-ˈனி-சி-பல், ஆனால் ‘இட்டி’ சேர்ந்ததும் அழுத்தம் இரண்டு படி நகர்ந்து ம்யூ-னி-சி-ˈபா-லி-டி.

‘லஜி’, ‘க்ரஃபி’, ‘னமி’, ‘க்ரசி’, ‘மெட்ரி’ ஆகியவற்றுக்கும் அப்படியே, மூன்றாவதில்: பை-ˈஒ-ல-ஜி, ஜி-ˈஒ-க்ர-ஃபி, இ-ˈகொ-ன-மி, டி-ˈமொ-க்ர-சி, ஜி-ˈஒ-ம-ட்ரி. இங்கேதான் நாம் அதிகம் வழுக்குகிறோம். ‘பயோ’, ‘ஜியோ’, ‘எகோ’ என்று முதல் துண்டைத் தனிச்சொல்லாகப் பழகிவிட்டோம், அதை அப்படியே முழுதாகச் சொல்லிவிட்டு ‘லாஜி’ என்று ஒட்டுகிறோம். அந்த ‘ஓ’தான் அழுத்தம் வாங்க வேண்டிய இடம், ‘ல’ மங்க வேண்டிய இடம்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்: ˈஃபோ-ட-க்ராஃப், ஃப-ˈடொ-க்ர-ஃபி, ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். அழுத்தம் முதலில், இரண்டில், மூன்றில் என்று நடந்துபோகிறது. முதல் சொல்லில் முழு உயிராக இருந்த ‘ஃபோ’ இரண்டாவதில் வெறும் ‘ஃப’ ஆகிவிட்டது. இந்த மூன்று சொல்லும் வாயில் படிந்தால் விதியின் பாதி படிந்த மாதிரி.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு முக்கியமானது ‘மீட்டர்’. அளக்கும் கருவி என்றால் பெரும்பாலும் அழுத்தம் ‘மீட்டரு’க்கு முன் சிலபிளில், ‘மீ’ குறுகிவிடும்: தர்-ˈமொ-மி-டர், ப-ˈரொ-மி-டர். அளவின் அலகு என்றால் முதலில் அழுத்தம், ‘மீ’ நீளும்: ˈசென்-டி-மீ-டர், ˈமி-லி-மீ-டர். லேத் பட்டறையில் கம்பியின் தடிமன் பார்க்கும் கருவி மை-ˈக்ரொ-மி-டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ˈமை-க்ரோ-மீ-டர். இடையே நிற்கும் ‘கிலோமீட்டர்’ இரண்டு விதமாகவும் வழங்குகிறது.

மூன்று சிலபிளுக்குக் குறையாமல் ‘ஏட்’ என்று முடியும் வினைகளுக்குக் கடைசியிலிருந்து மூன்றாவதில்: ˈஎ-ஜு-கேட், க-ˈம்யூ-னி-கேட். அதே எழுத்துகள் பெயர்ச்சொல்லில் வந்தால் வால் மங்கும். பட்டம் பெறுவது ˈக்ரா-ஜு-ஏட், பட்டம் பெற்றவர் ˈக்ரா-ஜு-அட். நாம் தினமும் சொல்லும் ‘சர்டிஃபிகேட்’ சர்-ˈடி-ஃபி-கட். அந்தக் ‘கேட்’டை நீட்டவே கூடாது.

‘ஈயர்’, ‘ஈஸ்’, ‘ஈ’ ஆகிய வால்கள் அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்: என்-ஜி-ˈநியர், ஜா-ப-ˈனீஸ், எம்-ப்ளாய்-ˈஈ. மேலே பார்த்த ‘கமிட்டி’ இதில் சேராது.

சில விகுதிகள் பொதுவாக எதையும் நகர்த்தா. ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘லி’, ‘இங்’ எதைச் சேர்த்தாலும் மூலச்சொல்லின் அழுத்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டி-ˈவெ-லப், டி-ˈவெ-லப்-மன்ட். ‘டெவலப்’ என்று முதலில் அழுத்துவது நம் நாடு முழுவதும் கேட்கும் பழக்கம், அதனாலேயே திருத்தக் கடினமானது. ‘ஏபிள்’ பெரும்பாலும் நகர்த்தாது, ஆனால் ‘கம்பேர்’ என்பதிலிருந்து வரும் ˈகொம்-ப-ர-பிள் போலச் சில தப்பிவிடும்.

விகுதி எதுவும் இல்லாத சொல் என்றால், கடைசிக்கு முந்தியதைப் பாருங்கள். அது நெடிலாகவோ ஒற்றடுத்த குறிலாகவோ இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் அங்கே: அ-ˈஜென்-ட, வ-ˈரான்-ட. வெறும் குறில் என்றால் ஒன்று முன்னால் போகும்: ˈசி-னி-ம, அ-ˈமெ-ரி-க.

இரண்டாம் அழுத்தம்

நான்கு, ஐந்து சிலபிளுக்கு மேல் போனால் ஓர் அழுத்தம் போதாது. தலைப்பக்கம் இன்னொரு சிறிய அழுத்தம் வரும். அகராதியில் அதற்குக் குறி கீழே இருக்கும்: ˌ. அது எங்கே விழும் என்பதைப் பல நேரங்களில் தாய்ச்சொல்லே காட்டும். ரி-ˈஸ்பொன்-சி-பிள் என்பதில் இருந்த அழுத்தம், வால் நீண்டதும் ரி-ˌஸ்பொன்-சி-ˈபி-லி-டி என்று இரண்டாமிடத்துக்கு இறங்குகிறது. அட்-ˈமி-னி-ஸ்டர், அட்-ˌமி-னி-ˈஸ்ட்ரே-ஷன் இவற்றிலும் அதே நகர்வு.

பயிற்சி செய்யும் விதம்

“மெதுவாச் சொன்னா வருது, வேகமாச் சொன்னா வரமாட்டேங்கு” என்பது பொதுவான குறை. மெதுவாகச் சொல்லும்போது எல்லாச் சிலபிளையும் சமமாக நீட்டிவிடுவதுதான் இதற்குக் காரணம். அப்படிப் பழகினால் வேகம் கூட்டும்போது உடையும். ஆகவே முதலில் சொல்லை விட்டுவிட்டு அதன் தாளத்தை மட்டும் சொல்லுங்கள். மங்கலுக்குத் ‘த’, இரண்டாம் அழுத்தத்துக்குத் ‘தன்’, முதல் அழுத்தத்துக்குத் ‘தா’. ‘ஆட்டோனமஸ்’ த-தா-த-த. ‘யுனிவர்சிட்டி’ தன்-த-தா-த-த. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ த-தன்-த-தா-த-த. கையால் மேசையில் ‘தா’வுக்கு மட்டும் தட்டுங்கள். தாளம் பிசகாமல் நாலைந்து தடவை வந்தபின் அதற்குள் சொல்லை ஊற்றுங்கள்.

வாய் குழறினால் வாலிலிருந்து கட்டுங்கள்: டி, லி-டி, ˈபி-லி-டி, சி-ˈபி-லி-டி, ஸ்பொன்-சி-ˈபி-லி-டி, கடைசியாக முழுச்சொல். முன்னாலிருந்து கட்டினால் ஒவ்வொரு தடவையும் தெரிந்த இடத்தில் தொடங்கித் தெரியாத இடத்தில் மூச்சு முட்டும். பின்னாலிருந்து கட்டினால் எப்போதும் பழகிய இடத்தை நோக்கியே போகிறீர்கள்.

அழுத்தம் என்றதும் சத்தமாகக் கத்துகிறவர்கள் உண்டு. சத்தம் அதில் ஒரு பங்குதான். அந்தச் சிலபிள் நீள வேண்டும், சுருதி சற்று மாற வேண்டும், உயிர் தெளிவாக ஒலிக்க வேண்டும். மற்றவை மங்க வேண்டும். இந்த மங்கலைச் செய்யாமல் அழுத்தத்தை மட்டும் கூட்டினால் பேச்சு அதட்டலாகக் கேட்கும். செல்போனில் பதிவு செய்து கேட்கும்போது ‘தா’ சரியா என்பதைவிட, ‘த’க்கள் போதுமான அளவு சிறியவையா என்று கவனியுங்கள்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கம் படிப்பவர்கள் துறைப் பெயர்களையே பாடமாக வைத்துக்கொள்ளலாம், எல்லா விதியும் அங்கேயே இருக்கிறது. ˈகார்-டி-ஆக், கார்-டி-ˈஒ-ல-ஜி. பீ-டி-ˈஆ-ட்ரிக், பீ-டி-அ-ˈட்ரி-ஷன். சை-ˈகை-அ-ட்ரி, சை-கி-ˈஆ-ட்ரிக். அ-னஸ்-ˈதீ-சி-அ, ஆனால் அதைக் கொடுக்கும் டாக்டர் அ-ˈனீஸ்-த-டிஸ்ட். ஃபி-சி-ஓ-ˈதெ-ர-பி. சொல்லைத் தனியாக விடாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். தனியே சரியாக வரும் சொல், வாக்கியத்தின் நடுவில் பழைய அழுத்தத்துக்கே ஓடிவிடும்.

அகராதி பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. இன்றைய அகராதிகள் பெரும்பாலானவற்றில் குறி, அழுத்தமான சிலபிளுக்கு முன்னால் நிற்கிறது. பழைய பதிப்புகள் சிலவற்றில் சிலபிளுக்குப் பின்னால் நிற்கும். வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தைப் பார்ப்பவர்கள் அதன் முன்னுரையில் குறி விளக்கத்தை முதலில் படித்துவிடுங்கள். அடுத்தது, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அழுத்தம் வேறுபடும் சொற்கள். ‘லேபரட்டரி’ பிரிட்டனில் ல-ˈபொ-ர-ட்ரி, அமெரிக்காவில் ˈலா-ப்ர-டோ-ரி. ‘அட்வர்டைஸ்மென்ட்’ பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட்-வர்-ˈடைஸ்-மன்ட். இரண்டும் சரி. நர்ஸ் வேலைக்கு எந்த நாட்டுக்குப் போகப்போகிறீர்களோ அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, செயலியிலும் அந்த நாட்டுக் குரலையே தேர்ந்துகொள்ளுங்கள்.